சூரனுக்கு ஒரு மாமரம்

மார்கழி மாதத்தில் கார்க் கூரையில் மரம் கட்டிக்கொண்டு போகிறவர்களை ரொறன்ரோவில் நிறையப் பார்க்கலாம். கிறிஸ்மஸ் நெருங்கினால் 401 நெடுஞ்சாலையில் பாதிக் கார்கள் தலையில் காடு சுமந்துதான் போகும். ஆனால் ஐப்பசி முடிவதற்குள், வீதியின் இரண்டு பக்கமும் மரங்கள் மொட்டையாக நிற்கிற ஒரு மத்தியானத்தில், செக்கச் சிவந்த இலைகளோடு ஒரு மரத்தைக் கூரையில் ஏற்றிக்கொண்டு அந்த வீதியில் போன மனிதன் அனேகமாக நான் ஒருவன்தான்.

கயிற்றை நான்தான் கட்டினேன். எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு, ஜன்னல்களுக்குள்ளால் விட்டு, இறுக்கி, முடிச்சுப் போட்டு, கை தட்டி நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது, உள்ளே ஏற வழியில்லை. திரும்ப அவிழ்த்து, நானும் மனைவி கௌரியும் ஏறி இருந்துகொண்டு, எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சுப்பரின்டென்டனைக் கெஞ்சி வெளியிலிருந்து கட்டுவித்தோம். அவர் கட்டிவிட்டுக் கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. கௌரி பின்சீட்டில் இருந்து ஒரு கையை வெளியே விட்டுக் கொப்பைப் பிடித்திருந்தாள். பெரிய ட்ரக் ஒன்று பக்கத்தால் போகும்போதெல்லாம் கார் ஆடியது. நாலைந்து இலை பறந்தது.

"மெல்லப் போங்கோ. இலை போகுது."

"இதுக்கு மேலை மெல்லப் போறதெண்டால் இறங்கித் தள்ளத்தான் வேணும்."

அன்று அவளுக்குக் கந்தசட்டி விரதத்தின் ஆறாம் நாள். முதல் ஐந்து நாளும் ஒரு நேரம் பாலும் பழமும், கடைசி நாள் வெறும் தண்ணீர். மாலையில் கோயிலில் சூரன் போர். சூரன் மாமரமாகி நிற்க, முருகனின் வேல் அந்த மரத்தைப் பிளக்க, சேவலும் மயிலும் வெளியே வர, அதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அவளுடைய விரதம் நிறைவேறும். அந்த மாமரம்தான் என் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அது போய்ச் சேராவிட்டால் அவள் பட்டினி கிடந்ததற்குப் பலன் இல்லை.

பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிந்தது. ஓரம் கட்டினேன். பொலிஸ்காரர் வந்து குனிந்தார். இவ்வளவு மெதுவாக ஓடுவதும் குற்றம் என்றார். இறங்கச் சொன்னார்.

"இறங்க முடியாது ஐயா, கதவைக் கட்டியிருக்கிறோம்," என்றேன் என் ஆங்கிலத்தில்.

அவர் கூரையைப் பார்த்தார். இலை ஒன்றைத் தொட்டார். அது நூலால் கட்டப்பட்டிருப்பதைக் கண்டார்.

"இது உண்மையான மரமா?"

"கொப்பு உண்மை. இலையும் உண்மை. இரண்டுக்கும்தான் சொந்தமில்லை."

அவர் பின்சீட்டைப் பார்த்தார். ஆறு நாள் பட்டினி கிடந்த பெண், பட்டுச் சேலைக்கு மேலே பனிக்கால ஜக்கெற், குளிரில் விறைத்துப்போன கை. அவருக்கு என்ன தோன்றியதோ, அடுத்த வெளியேறும் பாதையால் இறங்கி உள்வீதியால் போகும்படி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சென்ற வாரம் நான் பனியில் விழுந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கௌரி கேட்டாள், "எப்ப பார்த்தாலும் பனியைத்தானே எழுதுறியள். இலையுதிர் காலத்தைப் பற்றி ஒண்டும் எழுத இல்லையோ?" இருக்கிறது. ஆனால் அதை எழுதினால் என் மானம் போகும். பரவாயில்லை, இந்தத் தொடரில் இதுவரை மிஞ்சியதும் அதிகமில்லை.

ஐந்து மாப்பிள்ளைகள், ஒரு மரம்

கௌரி வருவதற்கு முன்னர் சென் ஜேம்ஸ் ரவுணில் இரண்டு அறை வீடொன்றில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். எல்லாருக்கும் கலியாண வயது. எல்லாருடைய வீட்டிலிருந்தும் படம் அனுப்பச் சொல்லிக் கரைச்சல்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தோல் ஜக்கெற். அதுவும் எங்களில் உயரமானவனுடையது. கட்டடத்துக்கு முன்னால் ஒரே ஒரு மேப்பிள் மரம். அக்டோபரில் அது சிவந்து நின்றபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையில் நின்று, ஒருவர் மாறி ஒருவர் அந்த ஜக்கெற்றைப் போட்டு, அதே மரத்தில் அதே கையை ஊன்றிப் படம் எடுத்தோம். எனக்கு ஜக்கெற்றின் கை விரல் நுனியையும் தாண்டி நின்றது. மரத்தில் ஊன்றியிருந்தது கையா, வெறும் தோலா என்று படத்தில் தெரியாது.

ஐந்து படமும் யாழ்ப்பாணத்துக்குப் போயின. அதில் இரண்டு படம் ஒரே ஒழுங்கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? கௌரியின் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் வேலி மட்டும்தான். இரண்டு தாய்மாரும் வேலிக்கு மேலால் மாப்பிள்ளைகளை ஒப்பிட்டிருக்கிறார்கள். மரம் ஒன்று, ஜக்கெற் ஒன்று, நிற்கிற விதமும் ஒன்று. கனடாவில் எல்லா ஆண்களுக்கும் அரசாங்கம் இந்த உடுப்பைத்தான் கொடுக்கிறது என்று கௌரியின் தாய் முடிவு செய்தாராம்.

"நீர் எதைப் பார்த்து ஓமெண்டனீர்?" என்று ஒருமுறை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மரத்தைப் பார்த்துத்தான்," என்றாள்.

அவள் வந்திறங்கியது பங்குனியில். மரம் வெறும் தடியாக நின்றது. அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், எங்காவது போய் இந்த நிறத்தை நிறையப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். நான் இரவெல்லாம் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்து, பகலெல்லாம் தடித்த திரைக்குப் பின்னால் நித்திரை கொள்கிறவன். "செத்த இலையைப் பார்க்கப் பெற்றோல் அடிச்சுக்கொண்டு போறதோ?" என்பேன். ஒரு நகரமே பொன்னும் குங்குமமுமாக மாறி உதிர்ந்து முடிகிற வேளையில், வருடாவருடம் குறட்டை விட்டவன் நான்.

வாயால் நட்ட மரம்

எங்கள் கோயில் அப்போது ஸ்காபரோவில், ஒரு தொழிற்பேட்டைக்குள் இருந்தது. ஒரு பக்கம் கதவு, ஜன்னல் செய்கிற இடம். மறுபக்கம் கார் திருத்துகிற இடம். நடுவில் முருகன்.

அந்த வருடம்தான் முதன்முதலாகச் சூரன் போர் வைப்பது என்று தீர்மானித்தார்கள். புரட்டாதி மாதம், நல்ல வெயில். கோயிலை நடத்திய பரமலிங்கம் அண்ணை எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். அவர் ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். கேள்வி கேட்டால் இன்றைக்கும் நான் எழுந்து நின்றுதான் பதில் சொல்வேன்.

"சூரன் செய்து முடிஞ்சுது. யானைத் தலை, சிங்கத் தலை எல்லாம் ரெடி. கடைசியிலை மாமரமாய் நிக்கிறதுக்கு ஒரு பெரிய கொப்பு வேணும். ஆர் பொறுப்பு?"

வெளியே வீதியோரம் முழுவதும் மரங்கள், பச்சைப் பசேலென்று. நான் எழுந்தேன்.

"அண்ணை, ரொறன்ரோவிலை மரத்துக்கோ பஞ்சம்? என்னட்டை விடுங்கோ. ஒரு தோப்பையே கொண்டு வந்து இறக்கிறன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது போதும். நான் அந்த ஊரில் பகிடிக்காரன் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயரைக் காப்பாற்ற எதையும் ஏற்றுக்கொள்வேன்.

இலை உதிரும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பல வருடம் இருந்தவன். ஆனால் சூரன் போர் என்றதும் என் மண்டைக்குள் ஓடியது ஐப்பசி மாதம். ஐப்பசி என்றால் எனக்கு மழை. வேலியெல்லாம் தளிர் விட்டு, கிணறு நிரம்பி, முற்றத்தில் புல் முளைத்து, மரமெல்லாம் குளித்து நிற்கிற மாதம். ஐப்பசியும் நவம்பரும் ஒன்றுதான் என்று என் தலையின் ஒரு பாதி மற்றப் பாதிக்குச் சொல்லவே இல்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த கணக்காளருக்கும் தோன்றவில்லை. அதிபருக்கும் தோன்றவில்லை. முப்பது பேர் இருந்து, நவம்பரில் பச்சை மரம் கிடைக்கும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

கௌரி மட்டும் அன்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள், "இலை இருக்குமோ?"

"முருகன் பார்த்துக்கொள்ளுவார்," என்றேன்.

அந்த வருடம் அவள் எதையுமே அதிகம் சொல்லவில்லை. எங்களுக்கு உண்டாகியிருந்த பிள்ளை வசந்தத்தில், மூன்றாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. அது எங்களுடைய முதல் பிள்ளை. ஆஸ்பத்திரியில் நான் அங்கே கொடுத்த ஜெலியைப் பற்றி ஏதோ பகிடி விட்டேன். தாதி சிரித்தாள், கௌரி சுவரைப் பார்த்தாள். பார்க்க வந்தவர்களுக்கும் ஆளுக்கொரு கதை சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பினேன். "உமக்கு நல்ல மனத்தைரியம் தம்பி," என்று பரமலிங்கம் அண்ணை தோளில் தட்டினார். நானும் அதை நம்பிவிட்டேன்.

கந்தசட்டி பிடிக்கப் போகிறேன் என்று கௌரி அறிவித்ததும் கோயிலில் எல்லா அன்ரிமாரும் அவளுடைய கன்னத்தைத் தடவினார்கள். பிள்ளை வேண்டிப் பிடிக்கிற விரதம் அது. "இந்த முறை முருகன் கண் திறப்பார்," என்றார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வான்கோழியும் செத்த இலையும்

இலையுதிர் காலத்தில் இந்த ஊரில் பண்டிகைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நவராத்திரிக்கு நாங்கள் வீட்டில் கும்பம் வைத்து, மச்ச மாமிசம் புழங்காமல், தினமும் கடலை அவித்துப் படைத்துக்கொண்டிருந்த வாரத்தில், தாங்ஸ்கிவிங் என்று என் தொழிற்சாலையில் ஆளுக்கொரு வான்கோழி கொடுத்தார்கள். உறைந்து கல்லாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரஸ்வதி இருக்கிற வீட்டுக்குள் கொண்டு போகவும் துணிவில்லை. கார் டிக்கியில் வைத்துப் பூட்டினேன். வெளியே குளிர்தானே, கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த மூன்று நாளும் கோடை திரும்பி வந்ததுபோல வெயில் எறித்தது. மிகுதியை நான் எழுதவில்லை. அந்தக் காரைக் கடைசிவரை விற்க முடியவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த வாசம் அடங்குவதற்குள்தான் அக்டோபர் கடைசி ஞாயிறு கௌரியை இலை பார்க்க அழைத்துப் போனேன். நானாக அழைக்கவில்லை. விடிய வேலையால் வந்து படுக்கப் போனபோது அவள் சப்பாத்துப் போட்டுக் கதவடியில் நின்றாள். "இண்டைக்குப் போவம்," என்றாள். அந்தக் குரலுக்கு மறுத்துச் சொல்லப் பகிடி எதுவும் கைவசம் இருக்கவில்லை.

டொன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கினோம். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். இத்தனை வருடம் அதன் ஓரத்தில் நித்திரை கொண்டிருக்கிறேன். உள்ளே போனதும் எனக்கே வாய் அடைத்துவிட்டது. மஞ்சள், செம்மஞ்சள், பழுத்த மிளகாய் நிறம், சில மரங்களில் எல்லாம் ஒன்றாக. காற்று ஒரு தரம் அசைந்தால் வானத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தன. ஈர மண்ணும் நனைந்த தேயிலைச் சக்கையும் கலந்த மாதிரி ஒரு வாசம். நாய்களோடு வந்தவர்கள், கமெராவோடு வந்தவர்கள், குழந்தையை இலைக் குவியலில் இருத்திப் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். திருவிழாவுக்கு வந்தவர்கள் முகம் எல்லாருக்கும்.

கௌரி பையோடு வந்திருந்தாள். நல்ல இலையாகப் பார்த்துப் பொறுக்கத் தொடங்கினாள்.

"உது ஏன்?"

"பிள்ளையளுக்கு."

எங்கள் மாடியில் வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளை அவள் பகலில் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் மெழுகுக் கடதாசிக்கு நடுவில் இலையை வைத்து அயன் பண்ணும் வித்தையை அந்தப் பிள்ளைகள் படித்துக்கொண்டு வந்து அவளுக்குக் காட்டியிருந்தார்கள். அப்படிச் செய்தால் நிறம் போகாது, சுருளாது.

நான் ஒரு வாங்கில் சாய்ந்தேன். கண் சொருகியது. பக்கத்தில் வந்து இருந்தவள், மடியில் பையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"டொக்டர் எங்களுக்குச் சொன்ன திகதி இந்தக் கிழமைதான்."

எனக்கு நித்திரை பறந்தது. அவளுடைய கையைப் பிடித்திருக்கலாம். பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டு நடப்பதில்லை.

"வந்திருந்தாலும் இந்தக் குளிரைப் பார்த்திட்டுத் திரும்பி ஓடியிருக்கும்," என்றேன்.

அவள் எழுந்து போய் மறுபடி இலை பொறுக்கினாள். இரண்டு பைகள் நிறையும்வரை பொறுக்கினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் பிள்ளைகள் போன பின்னர் அவள் இலை அயன் பண்ணினாள். நான் வேலைக்கு எழும்பும்போது வீடு முழுக்க மெழுகு வாசமாக இருக்கும். அயன் பண்ணுவாள், அடுக்குவாள், அயன் பண்ணுவாள். சேட்டும் ஒருக்கால் அயன் பண்ணினால் நல்லது என்று நான் சொன்னேன். என் சேட்டும் அயன் பண்ணிக் கிடந்தது.

நத்தார் தாத்தா வெளியிலை வருவாரோ?

தீபாவளி முடிந்து விரதம் தொடங்கிய அன்று காலையில், திரையை விலக்கி வெளியே பார்த்தேன். மேப்பிள் மரம் மொட்டையாக நின்றது. அதற்கு அடுத்ததும் அப்படித்தான். தெரு முடிய அப்படித்தான். அப்போதுதான் தலையின் ஒரு பாதி மற்றப் பாதிக்கு விஷயத்தைச் சொன்னது.

பூமரம் விற்கிற கடைக்கு ஓடினேன். மாமரம் கேட்டேன். அந்தப் பெண் முழங்கால் உயரத்தில் ஏதோ ஒன்றைக் காட்டினாள். அதில் ஒரு குருவியைக்கூட ஒளிக்க முடியாது, சூரனை எங்கே ஒளிப்பது?

அப்போது கடைத் தொகுதியில் பெட்டி பெட்டியாகக் கிறிஸ்மஸ் மரங்கள் அடுக்கியிருப்பதைக் கண்டேன். பிளாஸ்டிக். ஆளைவிட உயரம். பச்சை. நான் என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டு ஒன்றை வாங்கிப் போய்க் கோயில் மண்டபத்தில் பொருத்தி நிறுத்தினேன். பரமலிங்கம் அண்ணை சுற்றி வந்து பார்த்தார். பெட்டியில் இருந்த படத்தையும் பார்த்தார்.

"தம்பி, முருகன் வேல் எறிய இதுக்குள்ளாலை ஆர் வெளியிலை வாறது? சேவலும் மயிலுமோ, நத்தார் தாத்தாவோ?"

கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன். போகும்போது இருந்ததைவிட வரும்போது அது மூன்று மடங்கு பெரிதாக இருந்தது. கடையில் திருப்பிக் கொடுத்தபோது காரணம் கேட்டார்கள். அரக்கனுக்குப் பொருந்தவில்லை என்று சொல்ல முடியுமா? அளவு சரியில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தேன். மாமரம் இல்லாமல் சூரனை முடிப்போம், என்ன செய்வது என்று அண்ணை சொல்லிவிட்டார். அதைக் கௌரியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் விரதக் களைப்போடு பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். இந்த முறை பகிடி சேர்க்காமல் சொன்னேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நீங்கள் கொப்பைக் கொண்டு வாங்கோ. இலை நான் தாறன்."

மாநகரசபை ஆட்கள் வெட்டி வீதியோரம் போட்டிருந்த ஒரு பெரிய கொப்பைச் சுப்பரின்டென்டன் கண்டுபிடித்துத் தந்தார். வீட்டின் நடுவில் அதை நிறுத்தி, பூமாலை கட்டுகிற நூலால், ஒவ்வொரு இலையாக, அவள் கட்டினாள். நான் நூலைக் கடித்துக் கொடுத்தேன். அவள் கட்டியது நின்றது, நான் கட்டியது விழுந்தது. கடைசியில் நூல் கடிக்கிற வேலையோடு என்னை நிறுத்திவிட்டாள்.

அண்ணை பார்க்க வந்தார். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"வடிவுதான் பிள்ளை. ஆனால் மாவிலை உப்பிடிக் கையை விரிச்ச மாதிரியே இருக்கும்? நிறமும் சிவப்பு."

"மாந்தளிர் சிவப்புத்தானே அண்ணை," என்றாள் கௌரி.

அதிபர் யோசித்தார். "தளிர் எண்டால் சரி," என்றார்.

காற்று

உள்வீதிகளால் ஊர்ந்து ஒருவாறு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கயிற்றை வெட்டி எங்களை வெளியே எடுத்தார்கள். மரத்தைப் பார்த்ததும் சனம் வாயைப் பிளந்தது. மெழுகு பூசிய இலைகள் பின்னேர வெயிலில் மினுங்கின. ஒன்றிரண்டு பேர் அதற்கு முன்னால் நின்று படமும் எடுத்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நூல் கடித்தவன் அல்லவா?

கார்கள் நிறுத்துகிற இடத்தை ஒதுக்கிப் போர்க்களம் ஆக்கியிருந்தார்கள். மேளம் முழங்கியது. சூரனைச் சுமக்கிறவர்களில் நானும் ஒருவன். கையுறை போட்ட கையால் சூரனைத் தாங்குகிற கொம்பைத் தோளில் பிடித்து, குளிருக்கு நடுங்குகிறதையே ஆட்டமாக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் ஓடினோம். யானைத் தலை விழுந்தது. சிங்கத் தலை விழுந்தது. கார் திருத்துகிற இடத்து ஆட்கள் ஸ்பனரோடு வெளியே வந்து நின்று கை தட்டினார்கள்.

மாமரம். கொப்பைத் தூக்கிச் சூரனின் மேல் நிறுத்திக் கட்டினார்கள். சனம் அரோகரா என்றது. முன்வரிசையில் கௌரி கைகூப்பி நின்றாள். உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் அசையாமல் மரத்தில் இருந்தது.

மறுமுனையில் ஐயர் வேலை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அந்த நேரம் பார்த்து, இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலிருந்து காற்று வந்தது.

முதலில் ஒரு கொத்து. பிறகு ஒரு பக்கம் முழுக்க. நூல் பொறுக்கவில்லை. நாள்கணக்காகக் கட்டியது ஒரு மூச்சில் கிளம்பிச் சிவப்பாகத் தலைகளுக்கு மேலால் பறந்து, கார்களின் மேலும் வேலியிலும் போய் ஒட்டியது. "பிடியுங்கோ, இலையைப் பிடியுங்கோ," என்று அதிபர் ஒலிவாங்கியில் கத்தினார். பிள்ளைகள் துரத்தினார்கள். பெரியவர்களும் துரத்தினார்கள். ஐயர் எதையும் கவனிக்காமல் நடந்து வந்து, வெறும் தடியாக நின்ற கொப்பை வேலால் தொட்டார். சேவலும் மயிலும் வெளியே வந்தன. சூரன் போர் சிறப்பாக முடிந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சந்தோஷச் சிரிப்புத்தான். பரமலிங்கம் அண்ணை ஒலிவாங்கியை என் வாயடிக்குக் கொண்டு வந்தார். "என்ன தம்பி, சூரனுக்கும் இலையுதிர் காலமோ?"

சனம் என்னைப் பார்த்தது. எனக்காகவே எடுத்துக் கொடுத்த அடி. அதற்கு இப்போது பத்துப் பதில் எனக்குத் தெரியும். அன்று நான் வாயைத் திறந்தேன், மொட்டைக் கொப்பைப் பார்த்தேன், என் தொண்டையிலிருந்து மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒலிவாங்கி அதைத் தொழிற்பேட்டை முழுவதற்கும் எடுத்துச் சென்றது.

கொம்பை யாரோ என் தோளிலிருந்து வாங்கினார்கள். குளிர் என்றேன். காற்று என்றேன். கண்ணுக்குள் ஏதோ விழுந்துவிட்டது என்றேன். கௌரி என் கையைப் பிடித்து, சனத்தை விலக்கிக்கொண்டு, காருக்குக் கூட்டிப் போனாள். ஆறு நாள் சாப்பிடாதவள் என்னைத் தாங்கிக்கொண்டு நடந்தாள்.

காருக்குள் இருந்தும் நிற்கவில்லை. வசந்தத்திலிருந்து சேர்ந்தது எல்லாம் மூக்காலும் வாயாலும் வந்தது.

"உம்மடை விரதம் பிழைச்சுப் போச்சே," என்றேன் இடையில். "மரத்திலை ஒரு இலைகூட மிஞ்சேல்லை. பிள்ளை கேட்டுப் பட்டினி கிடந்தனீர்."

"பிள்ளை கேட்டு எண்டு அன்ரிமார்தான் சொன்னவை. நான் சொன்னனானோ?"

"அப்ப என்ன கேட்டனீர்?"

அவள் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள்.

"இந்த மனிசன் ஒருக்கால் அழவேணும் எண்டு கேட்டனான். நான் தனிய அழுது களைச்சுப் போனன்."

நான் காரை வெளிவாசல்வரை எடுத்தேன். அவளுக்கு லைசென்ஸ் இல்லை, எனக்குக் கண் தெரியவில்லை. வெளியே போகிற வழியை அடைத்துக்கொண்டு நாங்கள் நின்றோம். பின்னால் கார்கள் வரிசையாகச் சேர்ந்து ஹோர்ன் அடித்தன. கௌரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். பல மாதங்களாக நான் கேட்காத பெரிய குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கொஞ்சம் பொறுங்கோ. இவர் அழுறார்."